கூட்டேரிப்பட்டில் சத்தம் அடங்கியது

உங்களில் பாதிப் பேர் பாலிடெக்னிக்கில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். இஞ்சின் வகுப்பில் வாத்தியார் ஹைட்ராலிக் டாப்பெட்டைப் போர்டில் படம் போட்ட அன்று நான் பாதியில் எழுந்து வெளியே போனேன். "இன்னாடா, வயித்து வலியா?" என்று சிரித்தீர்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது நமக்கெல்லாம் வேலை கிடைத்துவிட்டது, சிலருக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. சிறு வயசு என்று எழுத உட்கார்ந்தால் எனக்கு அந்த ஒரு பருவம்தான் முன்னால் வந்து நிற்கிறது. அதனால் அதையே எழுதுகிறேன்.

என் அப்பா விக்கிரவாண்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு ஆண்டை வீட்டில் பண்ணையாள். தாத்தாவும் அங்கேயேதான். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஏற்ற வந்த லாரிக்கு மூட்டை தூக்கப் போன அப்பா, அந்த லாரியிலேயே கிளீனராகி, ஓட்டக் கற்று, லைசென்ஸும் எடுத்துவிட்டார். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருந்த முதலாளி அவரை டிரைவராக வைத்துக்கொண்டார். மண்டிக்குப் பின்னால் சாக்கு அடுக்கும் கொட்டகையில் ஒரு ஓரத்தைத் தடுத்து எங்களைக் குடிவைத்தார். அங்கிருந்துதான் நான் பள்ளிக்கூடம் போனேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் கால் என்னுடையது.

ஆண்டை இதை மறக்கவில்லை. மண்டிக்கு மல்லாட்டை போட வரும்போதெல்லாம் அப்பாவைப் பார்த்துச் சொல்வார்: "சாவி கையில இருக்கற வரைக்கும்தான்டா இந்தக் காக்கிச் சட்ட. சாவி போச்சுன்னா நம்ம மனையிலதான் வந்து படுக்கணும். அப்ப தனியா வராத. பையனையும் இட்டுக்கினு வா. மாடு ஓட்ட ஆளு இல்ல." அப்பா சிரிப்பார். எங்களுக்கு வேறு மனை கிடையாது என்பது அவருக்கும் தெரியும், ஆண்டைக்கும் தெரியும்.

பாண்டிச்சேரியை விட்டு பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. கட்டில், பீரோ, பியானோ எல்லாம் தெருவுக்கு வந்து விலைக்கு நின்றன. அப்படிக் கப்பலேறப் போன ஒரு துரையிடமிருந்து முதலாளி ஒரு அமெரிக்க வண்டியை வாங்கினார். வெளிர்பச்சை நிறம். கதவைத் திறந்தால் தோல் சீட்டின் வாசனையும், துரை குடித்த சுருட்டின் வாசனையும் கலந்து அடிக்கும். ஸ்டீயரிங் இடது பக்கம். முதலாளி முன் சீட்டில் வலது பக்கம் உட்கார்ந்துகொள்வார். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அவரே ஓட்டுவது போலத் தெரியும். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

அந்த வண்டியின் பெருமையே அதன் மௌனம்தான். ஓடிக்கொண்டிருப்பது தெரியாமல் அப்பாவே இரண்டாம் முறை ஸ்டார்ட்டரைப் போட்டு, அது கிர்ரென்று பல்லைக் கடித்திருக்கிறது. "என் வண்டி வர்றது எமனுக்குக்கூடத் தெரியாது" என்று முதலாளி சொல்லிக்கொண்டு திரிவார். அப்பா உட்காரும் சீட்டின் மேல் மட்டும் ஒரு கோணிச்சாக்கு விரித்திருக்கும். முதலாளி வீட்டம்மா விரிக்கச் சொன்னது. நான் அந்த வண்டியின் சீட்டில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. துடைக்கும்போதுகூடக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு கையை மட்டும் நீட்டித் துடைப்பேன்.

அந்த வருஷம் மழைக்குப் பிறகு ஹெட் கேஸ்கட் போய்விட்டது. ரேடியேட்டர் தண்ணீரெல்லாம் வெந்நீராகப் பொங்கி வெளியே வந்தது. விழுப்புரத்து மேஸ்திரியிடம் வண்டியை விட்டார்கள். அந்த ஜில்லாவில் ஓடிய லாரியும் பஸ்ஸும் முக்கால்வாசி அவர் கை பட்டவை. ஹெட்டைக் கழற்றி, கேஸ்கட் மாற்றி, பூட்டி, கடைசியாக டாப்பெட்டுக்கு மெல்லிய அளவுத் தகடு விட்டுப் பார்த்து இடைவெளி வைத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து பிடித்தது சத்தம். டகடக டகடகவென்று, தகரத்தில் கல்லைக் கொட்டியது போல.

நமக்கு இப்போது தெரியும். மற்ற வண்டிகளில் வால்வைத் தள்ளித் திறக்கும் டாப்பெட் என்பது கெட்டி இரும்பு. சூட்டில் எல்லாம் நீளும் என்பதால் வால்வுக்கும் அதற்கும் நடுவே மயிரிழை இடைவெளி விடுகிறோம். விடாவிட்டால் வால்வு மூடாமல் எரிந்து போகும். இந்த வண்டியில் இருந்தது ஹைட்ராலிக் டாப்பெட்; அதற்கு உள்ளே எண்ணெயும் ஒரு சின்ன ஸ்பிரிங்கும் இருந்தன. இடைவெளியை எண்ணெயே நிரப்பிக்கொள்ளும். அதனால் இடைவெளியே வைக்கக் கூடாது. தொடுகிற அளவுக்கு இறுக்கி, அதற்கு மேலும் கொஞ்சம் அமுக்கி வைக்கவேண்டும். மேஸ்திரி கெட்ட வேலைக்காரர் இல்லை. வாழ்நாள் முழுக்க இடைவெளி வைத்து வைத்து வண்டிகளைக் காப்பாற்றியவர், இதையும் அப்படித்தான் காப்பாற்றப் பார்த்தார். "அமெரிக்காக்காரன் வண்டியானாலும் இரும்பு இரும்புதான்யா. கேப் இல்லாம ஓட்டினா வால்வு வெந்துடும்" என்றார்.

மேஸ்திரியின் பேர் பெரிது. ஆகவே பழி அப்பா தலையில் விழுந்தது.

"நீ என்னாடா பண்ண? நல்ல ஆயில வித்துட்டு மல்லாட்டை எண்ணெய ஊத்திட்டியா?"

"ஐயோ மொதலாளி, என் புள்ள மேல சத்தியமா..."

"புள்ள மேல சத்தியம் பண்ணா சத்தம் நின்னுடுமா?"

வண்டி மார்க்கெட் வழியாக வரும்போது கடைக்காரர்கள் எட்டிப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். எதிர் மண்டிக்காரர் ஒருநாள் வாசலில் நின்று கும்பிட்டுக்கொண்டே கேட்டார்: "என்னாங்க, வண்டிக்குள்ளயே மல்லாட்டை ஒடைக்கிற மிஷின் வெச்சிட்டீங்களா? போற வழியிலயே பருப்பு எடுத்துக்கினு போவீங்களோ?" முதலாளி அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை என்று சமையல்காரம்மா சொன்னாள். அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை விழுப்புரம். மயிலத்தில் முருகன் சந்நிதியில் தாலி கட்டுவதாக ஏற்பாடு. "மாப்ளய இந்த வண்டியிலதான் அழைச்சிக்கினு வரணும். அதுக்குள்ள சத்தம் நிக்கல, சாவிய வெச்சிட்டுக் கெளம்பு" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு அப்பா சரியாகத் தூங்கி நான் பார்க்கவில்லை. சாப்பிடும்போது கையிலிருக்கும் கேப்பைக் களி உருண்டையை உருட்டிக்கொண்டே இருப்பார், வாயில் போடமாட்டார். அம்மா, "துன்னுட்டு யோசன பண்ணு" என்பாள். ஒரு மத்தியானம் யாருக்கும் சொல்லாமல் டாப்பெட் கவரைத் திறந்தார். இடைவெளிதானே சத்தம் போடுகிறது என்று, இஞ்சினை நிறுத்திய நிலையில், பன்னிரண்டு டாப்பெட்டையும் இறுக்கு இறுக்கென்று இறுக்கிவிட்டார். அவ்வளவுதான், வண்டி உயிரை விட்டது. வால்வுகள் திறந்தபடியே நின்றுவிட்டன என்று இப்போது தெரிகிறது. அன்று தெரிந்ததெல்லாம் ஸ்டார்ட்டர் சுற்றிச் சுற்றிப் பேட்டரி செத்ததுதான்.

மறுநாள் காலையில் முதலாளி கோர்ட்டுக்குப் போகவேண்டியிருந்தது. வண்டியை ஷெட்டுக்குத் தள்ள ஆள் போதவில்லை. மூட்டை இறக்கிவிட்டு நின்ற ஒரு பார வண்டியின் மாடுகளை அவிழ்த்து, பம்பரில் கயிறு கட்டி இழுத்தார்கள். அப்பா ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். மாட்டுக்காரன் "ஹை, ஹை" என்று அதட்ட, வெளிர்பச்சை அமெரிக்க வண்டி சாணியை மிதித்துக்கொண்டு மார்க்கெட் நடுவே போனது. என் வகுப்புப் பையன்கள் பின்னாலேயே ஓடினார்கள். நான் மாடுகளைப் பார்க்காமல், மண்டிச் சுவரில் ஒட்டியிருந்த சினிமா நோட்டீசையே எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு நின்றேன்.

மேஸ்திரி விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். கவரைத் திறந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "நான் சொன்னேன்ல? கேப்ப எடுத்தா வண்டி செத்துடும்னு சொன்னேன்ல?" மறுபடி தகடு விட்டு இடைவெளி வைத்தார். வண்டி கிளம்பியது, சத்தத்தோடு. அவர் சொன்னதுதான் சரி என்று ஊரே ஒப்புக்கொண்டது. அப்பாவும் ஒப்புக்கொண்டார் என்றுதான் நினைத்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், மண்டியில் எல்லாரும் சாமான் ஏற்றுவதில் மும்முரமாக இருந்தபோது, கொட்டகைக்குப் பின்னால் வண்டியை ஓடவிட்டுக் கவரைத் திறந்தார். இந்தத் தடவை வால்வை அமுக்கும் ராக்கர்களில் ஒரே ஒன்றை மட்டும் தொட்டார். லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். அதன் சத்தம் நின்றது. அங்கேயே விட்டால் சூடேறியதும் திரும்ப அடிக்கும் என்பதை ஏற்கனவே ரகசியமாகச் செய்து பார்த்திருந்தார் போலும். இன்னும் கால் சுற்று திருப்பினார். இஞ்சின் மூச்சுத் திணறியதுபோல் குலுங்கியது. பயந்துபோய்ப் பின்னால் திருப்பப் போனார். சரியாக அப்போது கணக்குப்பிள்ளை உள்ளேயிருந்து, "டேய் டிரைவரு, அண்டாவப் புடி, கால்ல விழுது!" என்று கத்தினார். அப்பா போட்டது போட்டபடி ஓடினார்.

திரும்பி வந்தபோது இஞ்சின் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த ராக்கர் சத்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. அப்பா என்னைப் பார்த்தார்.

"நீ எதனா தொட்டியா?"

"இல்லப்பா."

"தானா அடங்கிச்சா?"

"தானாதான்."

டாப்பெட்டுக்குள் அதிகமாக நின்ற எண்ணெய் கசிந்து வழிவிடக் கொஞ்ச நேரம் வேண்டும். அதுவரைக்கும் அது திணறும். பிறகு அடங்கும். இவ்வளவுதான் விஷயம். அப்பா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அடுத்த ராக்கரைத் தொட்டார், கால் சுற்று திருப்பினார், இஞ்சின் திணறியது. அந்தத் திணறலைக் கேட்டு முதலாளி மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்துவிட்டார். "இருக்கறதயும் ஒடச்சிடாதடா பாவி! மூடு. மூடுறா!" அப்பா சொல்ல வாயெடுத்தார். சொல்லவிடவில்லை. கவரை மூடவைத்துவிட்டுத்தான் போனார்.

மறுநாள் அப்பா அந்தச் சத்தத்தோடேயே விழுப்புரம் போனார். நானும் அம்மாவும் அண்டா குண்டாவோடு மண்டி லாரியில் கூட்டேரிப்பட்டுக்குப் போனோம். அம்மாவுக்குப் பாத்திரம் கழுவும் வேலை. எனக்குக் கடைசிப் பந்தியில் சாப்பாடு. மயிலத்துக்கு வழி பிரியும் கூட்டு ரோட்டில் புளியமரத்தடியில் பந்தல் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை வண்டி அங்கே வந்து நின்று, எல்லாரும் கலர் சோடாவோ காப்பியோ குடித்த பிறகு, மேளத்தோடு மயிலத்துக்கு ஊர்வலம் கிளம்ப வேண்டியது.

வண்டி வருவதற்கு முன்னால் சத்தம் வந்தது. மேளக்காரர்களே திரும்பிப் பார்த்தார்கள். கதவைத் திறந்து முதலில் இறங்கினவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். காதுக்குள் விரலை விட்டு ஆட்டிக்கொண்டே இறங்கினார்.

"சம்பந்தி, மேளம் எதுக்குத் தண்டமா வெச்சிங்க? இந்த வண்டியே போதுமே! ஊர்வலத்துல இது முன்னாடி போனா நாதஸ்வரக்காரரு ஊதறது அவருக்கே கேக்காது!"

பந்தலே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார். முதலாளி முகம் கறுத்துப் போனது. அப்பா பக்கத்தில் வந்து, உதடு ஆடாமல் சொன்னார்: "இவங்க காப்பி குடிச்சி முடிக்கறதுக்குள்ள நிறுத்து. இல்லன்னா சாவிய எடுத்து எங்கைல குடு."

அப்பா என்னைக் கூப்பிட்டார். "டேய், உள்ள குந்து. சீட்டு மேல இல்ல. கீழ. ஆக்ஸிலேட்டர கையால புடி. சாவற மாதிரி வந்தா லேசா அமுக்கு. நான் சொல்றவரிக்கும் எடுக்காத."

டிரைவர் சீட்டுக்கு முன்னால், கால் வைக்கும் பள்ளத்தில், முட்டி போட்டு உட்கார்ந்தேன். தலைக்கு மேல் ஸ்டீயரிங். ரப்பர் மிதியில் அப்பா செருப்பின் மண். பின் சீட்டில் மாப்பிள்ளை கழற்றி வைத்த ரோஜா மாலை பெட்ரோல் வாடைக்கு நடுவே மணத்தது. ஸ்டீயரிங் ஓரமாகத் தலையைத் தூக்கிப் பார்த்தால், திறந்திருந்த பானட் விளிம்புக்கும் இஞ்சினுக்கும் நடுவில் ஒரு சந்து. அதன் வழியாக அப்பாவின் கைகள் மட்டும் தெரிந்தன. ஓடுகிற இஞ்சினில் கவரைத் திறந்தால் சூடான எண்ணெய் தெறிக்கும். அவர் கை மயிரில் அது விழுந்து விழுந்து வழிந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

முந்தின நாள் அடங்கியதை விட்டு, மீதியில் முதல் ராக்கர். அதன் சத்தம் நின்றது. கால் சுற்று. இஞ்சின் திணறியது. நான் அமுக்கினேன். அடங்கியது. இன்னும் கால் சுற்று. மறுபடி திணறல், மறுபடி அடங்கல். அடுத்த ராக்கர். வெளியே தாய்மாமன் குரல் கேட்டது: "டிரைவரு என்னா பண்றாரு, வண்டிக்குப் பிரசவம் பாக்கறாரா? ஆணா பொண்ணான்னு சொல்லுப்பா!"

பாதி ராக்கர்கள் முடிந்திருக்கும். ஒன்றில் திருப்பியபோது இஞ்சின் ரொம்பவே ஆடிப்போய், சைலன்சரில் டப்பென்று வெடித்தது. பந்தலில் குழந்தைகள் அலறின.

"நிறுத்துடா! சம்பந்தி முன்னாடி என் வண்டிய சாவடிக்கிறியா?"

"ஒரு நிமிசம் மொதலாளி. தானா அடங்கும்."

"நிறுத்துன்றேன்!"

"அடங்கும் மொதலாளி. இப்ப வுட்டா கெட்டுடும்."

முதலாளியின் பட்டு ஜிப்பாக் கை பானட்டுக்குள் வந்தது. ஒயரைப் பிடுங்கப் போகிறார் என்று தெரிந்தது. அப்போதுதான் எண்ணெய் வழிகிற அப்பாவின் கை, அந்த மணிக்கட்டைப் பிடித்தது.

"சொம்மா இருங்கன்றேன்!"

மேளக்காரர் துண்டால் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டிருந்தவர், அப்படியே நின்றுவிட்டார். எனக்கு அப்பாவின் கை தெரிந்தது, பட்டின் மேல் கறுப்பாக நான்கு விரல்கள் பதிவது தெரிந்தது. இஞ்சின் திணறிக்கொண்டே இருந்தது. என் உள்ளங்கை மரத்துப்போய்விட்டது. பிறகு இஞ்சின் மெல்ல அடங்கியது.

முதலாளி கையை உருவிக்கொண்டு பந்தலுக்குள் போய்விட்டார். அப்பா மீதியையும் முடித்தார். நட்டுகளைப் பூட்டினார், கவரைப் போட்டார். பானட்டை மூடியபோது மரத்தில் காக்கை கத்துவது கேட்டது. தாய்மாமன் காப்பி டம்ளரோடு வந்து, "நின்னு போச்சா?" என்றார்.

"இல்லீங்க. ஓடுது."

அவர் குனிந்து காதை வைத்தார். "அட!" என்றார். "சம்பந்தி, உங்க டிரைவரு கெட்டிக்காரருங்க!"

அந்தப் புகழ்ச்சி கூட அப்பாவைக் காப்பாற்றவில்லை. சட்டை மாற்றிக்கொண்டு வந்த முதலாளி அப்பாவைப் பார்க்காமல், மண்டி லாரி டிரைவரைப் பார்த்துச் சொன்னார்: "நீ எடு." லாரி டிரைவர் தயங்கினார். "சாவிய வாங்கிக்கோ, எடு." அவர் உட்காருவதற்கு முன்னால் சீட்டின் மேலிருந்த கோணிச்சாக்கை உருவி வெளியே போட்டார்கள். அவருக்கு அது தேவைப்படவில்லை. ரோஜா மாலையை மாப்பிள்ளை மறுபடி போட்டுக்கொண்டார். மேளம் எழும்பியது. மேளத்துக்குப் பின்னால் வண்டி ஒரு சத்தமும் இல்லாமல் நகர்ந்து போனது.

அம்மா ஈரக் கையோடு வந்தாள். "இன்னா ஆச்சு?"

"வண்டி சரியாயிடுச்சி."

"அப்ப ஏன் நீ இங்க நிக்கிற?"

அப்பா புளியமரத்து வேரில் உட்கார்ந்து, மண்ணை அள்ளிக் கையில் தேய்த்து எண்ணெயை எடுத்துக்கொண்டிருந்தார். மண்தான் கறுத்தது. கையில் கொப்புளங்கள்.

அவரை நான் அன்று வெறுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேசாமல் நிறுத்தியிருக்கலாமே, அவர் ஒயரைப் பிடுங்கினால் பிடுங்கட்டுமே என்று அந்த வயசுக்குத் தோன்றியது. நிறுத்தியிருந்தாலும் சாவி போயிருக்கும். நிறுத்தாமல் செய்து முடித்தாலும் போயிற்று. அப்பா எதைச் செய்திருந்தாலும் அன்று அந்தச் சாவி அவர் கையில் தங்கியிருக்காது என்பது புரிய எனக்கு வருஷங்கள் ஆயின.

கொட்டகையைக் காலி பண்ணச் சொல்லி ஆள் வந்தது. இரண்டு மூட்டையும் ஒரு தகரப் பெட்டியுமாக விக்கிரவாண்டிக்கு பஸ் ஏறினோம். மறுநாள் விடிந்ததும் ஆண்டை வீட்டுக் களத்தில் போய் நின்றோம். ஆண்டை பல் துலக்கிக்கொண்டிருந்தார். வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, அப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

"வந்துட்டியா? காக்கிச் சட்ட எங்கடா?"

அப்பா வெறும் உடம்போடு நின்றார்.

"சரி, ஏரப் பூட்டு. பையன மாடு அவுக்கச் சொல்லு."

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. ஏர்க்கால் கிடந்த பக்கம் நடக்க ஆரம்பித்தார். நான் தகரப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நகர்ந்தேன். அம்மா என் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"மாட்ட நான் ஓட்டிக்கினு போறேன், ஆண்ட."

"நீயா? நடவு, களையெல்லாம் யாரு உங்கப்பனா வந்து செய்வான்?"

"அதுவும் செய்றேன்."

"ரெண்டு ஆளு வேலய ஒருத்தி எப்படிடி செய்வ?"

"செய்றேன் ஆண்ட. அவன் போவட்டும்."

ஆண்டை சிரித்தார். "எத்தினி நாளிக்கின்னு பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தொழுவத்துக்குள் குனிந்து நுழைந்தாள். மாடுகளுக்கு அவளைத் தெரியாது. ஒன்று தலையை ஆட்டி முட்ட வந்தது. அதன் மூக்கணாங்கயிற்றை எட்டிப் பிடித்துக்கொண்டு, திரும்பாமலே என்னிடம் சொன்னாள்:

"இன்னும் இன்னா நின்னுக்கினு கீற? விக்கிரவாண்டி ஸ்கூலு தூரம். நட."